நிறுத்தாமல் புதிய பதிப்பு ஏற்றுவது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளாம்பாக்கத்தில் இரவு 9.40 மணி. திருநெல்வேலி போகும் ஆம்னி பஸ்ஸில் 17-ஆம் எண் இருக்கைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். இருவர் கையிலும் டிக்கெட். இருவருடைய கணக்கிலிருந்தும் பணம் போயிருந்தது. பஸ்காரர் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து கேட்டது ஒரே கேள்விதான்: “யாரை இறக்கிவிடுவது?”

அன்று பிற்பகல் முன்பதிவு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியவன் நான். தரமணியில் உட்கார்ந்துகொண்டு 9 சர்வர்களிலும் ஒவ்வொன்றாக, சேவையை ஒரு நொடிகூட நிறுத்தாமல் ஏற்றிவிட்டோம் என்ற பெருமையோடு வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன். சேவை நிற்கவில்லை என்பது உண்மைதான். ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்கும் அளவுக்கு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். குழுவில் சேர்ந்த சில மாதங்களில், “இதை நிறுத்தாமல் ஏற்றிவிடு” என்று ஒருவர் உங்களிடம் சொல்லப்போகிறார். அன்றைக்கு இது உதவும். எடுத்துக்காட்டுகள் குபெர்னெட்டிஸ் (ஒரே மென்பொருளின் பல நகல்களைப் பல சர்வர்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் கருவி), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) இரண்டையும் ஒட்டியவை. வேறு கருவி வைத்திருந்தாலும் இடறும் இடங்கள் பெரும்பாலும் இவையே.

1. இரண்டு பதிப்பும் சேர்ந்து ஓடும் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒரே சர்வர் என்றால் அது சரி. 9 சர்வர் என்றால், முதல் சர்வர் மாறியதிலிருந்து கடைசி சர்வர் மாறும் வரை இரண்டு பதிப்பும் ஒரே தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும். எங்கள் விஷயத்தில் அந்த இடைவெளி 26 நிமிடம்.

அந்த 26 நிமிடத்தில் நடந்தது இது. பழைய பதிப்புக்கு இருக்கையின் நிலை இரண்டே இரண்டு: காலி, விற்றது. புதிய பதிப்பில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தோம்: ‘பணத்துக்குக் காத்திருப்பு’. புதிய சர்வர் 17-ஆம் இருக்கையை அந்த மூன்றாவது நிலையில் வைத்துவிட்டுப் பயணியை வங்கிப் பக்கத்துக்கு அனுப்பியது. அதற்குள் இன்னொரு பயணியின் கோரிக்கை பழைய சர்வருக்குப் போனது. ‘விற்றது’ என்று இல்லாத எல்லாமே காலி என்றுதான் பழைய நிரலில் எழுதியிருந்தோம். காலி என்று காட்டியது, விற்றும்விட்டது.

புதிய பதிப்பில் பிழை இல்லை. பழைய பதிப்பிலும் இல்லை. சோதனைக் கணினியில் இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தோம், இரண்டும் தேறின. சேர்த்து ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடம் மாற்றியிருக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய தடமும் மாற்றுத் தடமும் சேரும் வளைவில்தான் வண்டிகள் முட்டிக்கொள்கின்றன.

ஆகவே நிரலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். புதியது எழுதியதைப் பழையது படித்தால் என்ன ஆகும்? பழையது எழுதியதைப் புதியது படித்தால்? புதிய சேவை இன்னும் மாறாத இன்னொரு சேவையைக் கூப்பிட்டால்? பயணியின் கைப்பேசியில் ஆறு மாதம் பழைய செயலி இருந்தால்? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சர்வரை 26 நிமிடத்தில் மாற்றலாம். ஊரில் இருக்கும் பெரியப்பாவின் கைப்பேசியை யார் மாற்றுவது?

இந்த நான்கில் ஒன்றுக்காவது ‘தெரியவில்லை’ என்று எழுதினால், அன்று ஏற்றாதீர்கள்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

குறைந்தபட்சம் இவை கையில் இருக்க வேண்டும்.

மாற்றக் கோரிக்கைப் படிவம். எல்லா நிறுவனங்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். ஒப்புதல் தருபவர் விடுப்பில் போனால் யார் தருவார் என்பதையும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முறை ஒரே கையெழுத்துக்காக நாங்கள் நான்கு நாள் காத்திருந்தோம்.

படிகளின் தாள். எந்தக் கட்டளை, எந்த வரிசையில், ஒவ்வொன்றுக்குப் பிறகும் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று எழுதியது. ‘தரவுத்தளத்தைப் புதுப்பிக்கவும்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. தட்டெழுத வேண்டிய கட்டளை அப்படியே இருக்க வேண்டும். உங்களுக்கு அன்று காய்ச்சல் வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பார்த்தே செய்து முடிக்க வேண்டும். நான் எழுதிய தாளை அவரிடம் கொடுத்து, சோதனைச் சூழலில் செய்யச் சொல்லி, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அவர் எங்கே நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாரோ அங்கே தாளில் ஒரு வரி குறைகிறது.

பின்வாங்கும் தாள். பழைய பதிப்புக்குத் திரும்புவது எப்படி என்று எழுதியது. இதைப் பற்றி 10-ஆம் படியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

வெளியாருக்கான கடிதம். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய குழி இது. புதிய சர்வர்கள் வேறு ஐபி முகவரியிலிருந்து வெளியே பேசப் போகின்றனவா என்று முதலில் பாருங்கள். பணப் பரிமாற்றத்துக்கு நீங்கள் இணைந்திருக்கும் தரப்பு, தன் அனுமதிப் பட்டியலில் உள்ள முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கலாம். அந்தப் பட்டியலில் புதிய முகவரியைச் சேர்க்க எங்களிடம் நிறுவனத்தின் கடிதத்தாளில், கையொப்பமிடும் அதிகாரம் உள்ளவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் கடிதம் கேட்டார்கள். கொடுத்த பிறகு 9 வேலை நாள் ஆனது. எல்லாம் தயாராக இருந்தும் அந்தக் கடிதத்துக்காக ஒன்றரை வாரம் சும்மா இருந்தோம். முதல் நாளே எழுதி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். புதிய பதிப்பு பதிவேட்டை வேறு இடத்தில் எழுதுகிறது என்றால், பழைய சர்வரை அழிக்கும்போது பழைய பதிவேடும் சேர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. செலவையும் இணைப்புகளையும் எண்ணுங்கள்

சர்வர் வாடகை பெரிய செலவில்லை. ஒவ்வொன்றாக மாற்றும் முறையில் மென்பொருளின் இரண்டு மூன்று நகல்கள் அரை மணி நேரம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். பழையதற்குப் பக்கத்திலேயே முழுப் புதிய தொகுதியை எழுப்பிவிட்டுப் பயணிகளின் கோரிக்கைகளை ஒரேயடியாக அதன் பக்கம் திருப்பும் முறையில் வாடகை அந்த நேரத்துக்கு இரட்டிப்பாகும். பாதுகாப்புக்காகப் பழையதை ஒரு நாள் வைத்திருந்தால் ஒரு நாள் வாடகை இரண்டு மடங்கு. மேலாளரிடம் பேசும்போது வாடகையை விட்டுவிட்டு ஆள்-நாள் கணக்கைச் சொல்லுங்கள். தரவுத்தள அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற எங்களுக்கு 6 ஆள்-நாள் ஆனது. ஏன் என்று 5-ஆம் படியில் தெரியும்.

பணத்தைவிட முதலில் தீர்ந்துபோவது தரவுத்தள இணைப்பு. கணக்கைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸை அமைப்பு எதையும் மாற்றாமல் வந்தபடியே விட்டால் 100 இணைப்பு தரும், அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. எங்களிடம் 9 நகல்கள், ஒவ்வொன்றும் 10 இணைப்பு வைத்திருந்தது. 90 ஆயிற்று, சரியாக இருந்தது. குபெர்னெட்டிஸை வந்தபடியே விட்டால் மாற்றத்தின்போது 25 சதவீதம் கூடுதல் நகல்களை எழுப்பும், பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கும். 9-இல் 25 சதவீதம் 2.25. அது 3 ஆகிறது. 12 நகல்களுக்கு 120 இணைப்பு. புதிய நகல்களுக்கு இணைப்பு கிடைக்கவில்லை, தயார் நிலைக்கு வரவில்லை, மாற்றம் பாதியில் நின்றது. எங்கள் நிரலில் பிழை தேடி அரை நாளை வீணாக்கினோம்.

இப்போது கூடுதல் நகல் 1, குறையும் நகல் 0, நகலுக்கு 8 இணைப்பு என்று வைத்திருக்கிறோம். 10 நகல்களுக்கு 80. விடைபெற்றுக்கொண்டிருக்கும் பழைய நகல் இந்தக் கணக்கில் வராது, ஆனால் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்தால் 88. மெதுவாகத்தான் நடக்கும், நடக்கட்டும்.

4. நாள், நேரம்

இரவு 2 மணிக்கு ஏற்றும் வழக்கம், சேவையை நிறுத்தி ஏற்றிய காலத்துப் பழக்கம். நிறுத்தாமல் ஏற்றுகிறோம் என்றால் செவ்வாய் அல்லது புதன், காலை 11 மணிக்கு ஏற்றுங்கள். எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள், தரவுத்தளம் தெரிந்தவர் காபி குடித்துவிட்டு வந்திருப்பார். இரவு 2 மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவர் எடுக்கும் முடிவுகளை நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன், நல்ல முடிவுகள் அல்ல. வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம்.

உங்கள் தொழிலின் உச்ச நேரத்தை வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு மாலை 6 முதல் 10 வரை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரண்டு வாரங்களில் எதையும் தொடுவதில்லை.

சென்னைக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அவசரத்துக்கு அழைக்கும் இருவரும் ஒரே பகுதியில் வசிக்கக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எங்கள் பட்டியலில் இருந்த இருவருமே வேளச்சேரிக்காரர்கள். இருவர் வீட்டிலும் மின்சாரம் இல்லை. இப்போது ஒருவர் வேளச்சேரி, இன்னொருவர் அம்பத்தூர்.

5. தரவுத்தளத்தை விரித்து, மாற்றி, பிறகு சுருக்குங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்றப் படிகளைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை நேரடியாக மாற்றினால், அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நகல்கள் எல்லாம் பிழையை வீசும். அதனால் ஐந்து தனித்தனி ஏற்றங்களாகப் பிரியுங்கள். முதலில் புதிய நெடுவரிசையைக் காலியாகச் சேருங்கள், அதைக் கட்டாயமாக்காதீர்கள். இரண்டாவது, நிரல் இரண்டு நெடுவரிசையிலும் எழுதட்டும், பழையதிலிருந்தே படிக்கட்டும். எல்லா நகல்களும் மாறிய பிறகு பழைய பதிவுகளைப் புதியதற்கு நகலெடுங்கள். மூன்றாவது, புதியதிலிருந்து படியுங்கள், இரண்டிலும் எழுதுவது தொடரட்டும். நான்காவது, பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள். ஐந்தாவது, பழையதை அழியுங்கள். ஒரு பெயர் மாற்ற ஐந்து ஏற்றமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் இந்த ஐந்தில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் ஒரு படி பின்னால் போய்விடலாம். கடைசிப் படி மட்டும் விதிவிலக்கு.

பழைய பதிவுகளை ஒரே கட்டளையில் நகலெடுக்காதீர்கள். 1 கோடி பதிவு இருந்தால் 5,000 வீதம் பிரித்தால் 2,000 தவணை. ஓய்வையும் சேர்த்துத் தவணைக்கு 2 விநாடி என்றால் 4,000 விநாடி, அதாவது ஒரு மணி 7 நிமிடம். எங்கே நிறுத்தினோம் என்று குறித்துக்கொள்ளும்படி எழுதுங்கள், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

போஸ்ட்கிரெஸில் நெடுவரிசை சேர்ப்பது கண்ணிமைக்கும் நேர வேலைதான். 11-ஆம் பதிப்பிலிருந்து மாறாத இயல்பு மதிப்போடு சேர்த்தாலும் அட்டவணை முழுவதையும் திருப்பி எழுதுவதில்லை. ஆனால் அந்த வேலைக்கு அட்டவணையின் முழுப் பூட்டு வேண்டும், அதாவது அந்த நேரம் வேறு யாரும் அதைப் படிக்கவோ எழுதவோ முடியாது. கணக்குப் பிரிவில் யாரோ 10 நிமிட அறிக்கை ஒன்றை அதே அட்டவணையில் ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கட்டளை அது முடியக் காத்திருக்கும். உங்கள் கட்டளைக்குப் பின்னால் வரும் சாதாரணக் கோரிக்கைகளும் வரிசையில் நிற்கும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் கைவிரல் பதிவு விழாமல் நின்றால் பின்னால் தெருமுனை வரை நிற்குமே, அதேதான். பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு 2 அல்லது 3 விநாடி வரம்பு வைத்துவிட்டுக் கட்டளையை ஓட்டுங்கள். கிடைக்கவில்லையா, விலகிவிட்டு அடுத்த நிமிடம் மீண்டும் முயலுங்கள்.

தேடலை வேகமாக்கும் குறியீட்டுப் பட்டியல் (இன்டெக்ஸ்) சேர்ப்பதென்றால் ‘கன்கரன்ட்லி’ என்ற சொல்லோடு சேருங்கள், எழுதும் வேலை நிற்காது. அது நடுவில் தோற்றால் செல்லாத குறியீடு ஒன்று அட்டவணையில் தங்கிவிடும். அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

6. படிப்பவர் முதலில், எழுதுபவர் பிறகு

சேவைகள் செய்தி வரிசை (ஒன்று எழுதிவைப்பதை இன்னொன்று எடுத்துப் படிக்கும் இடம்) மூலம் பேசிக்கொண்டால் படிக்கும் சேவையை முதலில் மாற்றுங்கள். புதிய வகைச் செய்தியைப் புரிந்துகொள்ள அது தயாரான பிறகே எழுதும் சேவையை மாற்ற வேண்டும். 17-ஆம் இருக்கைக் கதையும் இதுதான். ‘பணத்துக்குக் காத்திருப்பு’ என்பதைப் படிக்கத் தெரிந்த பதிப்பை முதலில் எல்லா நகல்களிலும் ஏற்றியிருக்க வேண்டும். எழுதும் பதிப்பை மறுநாள் ஏற்றியிருக்கலாம்.

தெரியாத மதிப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள். விற்பனை சம்பந்தப்பட்ட இடத்தில் தெரியாதது எல்லாம் ‘விற்காதே’ என்றே முடிய வேண்டும். புரோட்டோபஃப் (சேவைகள் அனுப்பும் தரவின் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் தரும் வடிவம்) பயன்படுத்துகிறீர்களானால், நீக்கிய புலத்தின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். நிரலில் ஒரு வேலையை இயக்கவும் அணைக்கவும் வைத்திருந்த பழைய சுவிட்சின் பெயரைப் புதிய வேலைக்கு மறுபடி பயன்படுத்துவதும் அதே வினைதான். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 8 சர்வர்களில் ஒன்றை மட்டும் மாற்ற மறந்தது. பழைய சுவிட்சுக்குப் புது வேலை கொடுத்திருந்தார்கள். மாறாத சர்வரில் அது பழைய வேலையைச் செய்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

7. பழைய சர்வரை முறையாக வழியனுப்புங்கள்

குபெர்னெட்டிஸ் ஒரு நகலை நிறுத்தும்போது முதலில் ‘முடித்துக்கொள்’ என்ற சைகையை அனுப்பும், வந்தபடி விட்டால் 30 விநாடி கழித்து வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். அந்தச் சைகையை உங்கள் நிரல் கேட்கிறதா என்று சோதியுங்கள். ஷெல் நிரல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) வழியாகத் தொடங்கியிருந்தால் சைகை ஷெல்லோடு நின்றுவிடுவதும் உண்டு.

இன்னொரு நுணுக்கம். சைகை அனுப்புவதும் கோரிக்கைகள் போகும் நகல்களின் பட்டியலிலிருந்து அதை நீக்குவதும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. கதவைச் சாத்திய பிறகும் சில விநாடி ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அதனால் நிறுத்துவதற்கு முன் 5 முதல் 10 விநாடி சும்மா இருக்கும்படி வையுங்கள். அந்த நேரமும் 30 விநாடிக்குள்தான் அடங்கும்.

வங்கிப் பக்கத்துக்குப் போன பயணி நான்கு நிமிடம் கழித்துத் திரும்புவார். அவரை அனுப்பிய நகல் அப்போது உயிரோடு இருக்காது. அவருடைய விவரம் நகலின் நினைவகத்தில் மட்டும் இருந்தால் பணம் போய்விடும், டிக்கெட் வராது. இப்படிப்பட்டதைப் பொது இடத்தில் வையுங்கள்.

8. மூன்று பேர் வாக்களிக்கும் இடத்தில்

எட்சிடி (குபெர்னெட்டிஸ் தன் விவரங்களை வைக்கும் தரவுத்தளம்) போன்ற, பெரும்பான்மையை வைத்து முடிவெடுக்கும் தொகுதிகளில் ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும்தான் மாற்ற வேண்டும். 3 இருந்தால் 1 போகலாம், 5 இருந்தால் 2 போகலாம். முதலாவது திரும்பி வந்து தரவைப் பிடித்துக்கொண்டது என்று உறுதியான பிறகே இரண்டாவதைத் தொடுங்கள். தலைமை வகிப்பதைக் கடைசியில் மாற்றுங்கள், தேர்தல் ஒரு முறையோடு முடிந்துவிடும்.

9. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருங்கள்

9 நகல்களில் ஒன்றை மாற்றிவிட்டு 15 நிமிடம் பார்ப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. அது போதவில்லை. மணிக்கு 40 பேர் டிக்கெட் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால், ஒரு நகலுக்கு வருவது நாலு அல்லது ஐந்து. 15 நிமிடத்தில் ஒன்று. அந்த ஒன்று ஒழுங்காக முடிந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. எந்த வேலையைத் தொட்டீர்களோ அந்த வேலை குறைந்தது 30 முறையாவது புதிய நகலில் நடக்கும் வரை காத்திருங்கள். எங்கள் கணக்கில் அது கிட்டத்தட்ட 7 மணி நேரம். காலை 11 மணிக்குத் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். அது நிறையும்போது உச்ச நேரம் வந்துவிடுவதால் மற்ற 8 நகல்களை மறுநாள் காலையில்தான் மாற்றுகிறோம்.

எல்லா நகல்களின் சராசரியைப் பார்த்தால் ஒன்றின் கோளாறு மறைந்துவிடும். புதிய நகலின் பிழை விகிதத்தைத் தனிக் கோடாக வரையுங்கள்.

படிமத்தின் (நகல் ஓடத் தொடங்கும்போது எடுக்கும் மென்பொருள் பொதியின்) பெயரில் பதிப்பு எண் இல்லாமல் ‘லேட்டஸ்ட்’ என்று போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். நள்ளிரவில் ஒரு நகல் தானாக மறுதொடக்கம் ஆனால், யாரும் ஏற்றாத பதிப்பு ஏறி உட்கார்ந்துவிடும்.

10. பின்வாங்கும் வழியை நடந்து பாருங்கள்

வந்தபடியே விட்டால், மாற்றம் 600 விநாடி வரை முன்னேறாமல் நின்றால் ‘தோற்றது’ என்று குபெர்னெட்டிஸ் குறித்துவைக்கும். அவ்வளவுதான் செய்யும், தானாகப் பின்வாங்காது. நீங்கள்தான் கட்டளை கொடுக்க வேண்டும். வந்தபடியே விட்டால் பழைய வடிவங்கள் 10 வரை சேமிப்பில் இருக்கும்.

நிரல் பின்னால் போகும், தரவு போகாது. புதிய பதிப்பு ஒரு மணி நேரம் எழுதியதைப் பழைய பதிப்பு படிக்குமா என்பதைச் சோதனைச் சூழலில் செய்து பாருங்கள்: ஏற்றுங்கள், பத்து டிக்கெட் விற்றுப் பாருங்கள், பின்வாங்குங்கள், அந்தப் பத்தையும் ரத்து செய்யுங்கள்.

பின்வாங்கும் தாளின் தலைப்பில் இரண்டு விஷயம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்: எந்த எண்ணைத் தாண்டினால் பின்வாங்க வேண்டும், யாரும் யாரையும் கேட்காமல் அதைச் செய்ய யாருக்கு அதிகாரம். எங்கள் தாளில் பிழை 1 சதவீதத்தைத் தாண்டி 3 நிமிடம் நீடித்தால் பின்வாங்க வேண்டும், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரே செய்யலாம். அவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி.

11. துப்புரவு

ஏற்றி முடிந்ததும் எல்லோரும் டீக்குப் போய்விடுவார்கள். இரண்டிலும் எழுதும் நிரல், யாரும் படிக்காத நெடுவரிசை, அணைத்துப்போட்ட சுவிட்ச் எல்லாம் அப்படியே கிடக்கும். ஒவ்வொன்றையும் அழிக்கும் தேதியை ஏற்றும் அன்றே நாட்காட்டியில் ஓர் ஆளின் பெயரோடு போடுங்கள். அழிப்பதற்கு முன் ஒரு வாரம், அந்த நெடுவரிசையை யாராவது படிக்கிறார்களா என்று கவனியுங்கள். எங்கள் அனுபவத்தில் கணக்குப் பிரிவின் மாதாந்திர அறிக்கை ஒன்று எப்போதும் படித்துக்கொண்டிருக்கும், அதனால் மாதக் கடைசியைத் தாண்டியே தேதி போடுகிறோம்.

அந்த இருக்கை நிலை மாற்றத்தில் மிச்சமான நெடுவரிசை ஒன்று எங்கள் அட்டவணையில் இன்னும் இருக்கிறது. அதற்கான தேதி வரும் செவ்வாய், காலை 11 மணி. பெயர் என்னுடையது.